ஓடுகிற வண்டியின் நேரம்: கடலூர்–புதுச்சேரி ரோட்டில் நான்கு மாதம்

எங்கள் ஊர் ரெட்டிச்சாவடி. கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற ரோட்டில் தமிழ்நாடு முடிகிற இடம். கொஞ்சம் தாண்டினால் முள்ளோடை, அங்கே மாநிலம் மாறிவிடும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சம்பந்தம் கன்னியக்கோயிலிலும் கிருமாம்பாக்கத்திலும்தான். நான் கல்லூரி படித்ததும் புதுச்சேரியில். நிற்காமல் போகிற பாயின்ட் டு பாயின்ட் வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே அந்த மூன்று வருஷமும் போனது. அதனால் இந்த வட்டாரத்துப் பொதுப் போக்குவரத்துத் திட்டமிடலுக்கான ஓர் ஆய்வில் களப்பணிக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன்.

வேலை கேட்பதற்குச் சுலபம். இந்த வட்டாரத்தில் காசு வாங்கிக்கொண்டோ வாங்காமலோ ஆள் ஏற்றிப் போகிற எல்லோரையும் பார்க்க வேண்டும். அரசு பஸ், தனியார் பஸ், மினி பஸ், டெம்போ, ஷேர் ஆட்டோ, ஆஸ்பத்திரி வண்டி, கம்பெனி வண்டி எல்லாம். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, என்று கேட்டு ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். எந்த ஊருக்குப் புது வண்டி விடலாம், எந்த நேரத்தில் ஆள் நின்று வாடுகிறார்கள் என்று முடிவு செய்ய அந்த அட்டவணைதான் அடிப்படை.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நேர் ரயில் கிடையாது. புதுச்சேரியின் தண்டவாளம் விழுப்புரத்தோடு சேர்கிறது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், துறைமுகச் சந்திப்பு என இரண்டு ஸ்டேஷன் இருந்தும் இந்தப் பக்கத்துக்கு உதவாது. ஆக, இருபது சொச்சம் கிலோமீட்டருக்கு எல்லாமே ரோடுதான். பாகூர் போன்ற புதுச்சேரி ஊர்களோ தமிழ்நாட்டு நிலத்தோடு பின்னிக்கொண்டு கிடக்கின்றன. ஒரே பயணத்தில் இரண்டு மாநிலம், இரண்டு போக்குவரத்துத் துறை, இரண்டு கட்டணப் பட்டியல்.

முதல் மூன்று வாரம் கடிதத்தில் போனது. ஓர் அலுவலகம் தடங்களின் பட்டியல் கொடுத்தது. தட்டச்சு செய்த, முத்திரை குத்திய, பார்க்க அழகான பட்டியல். அதை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றபோது பட்டியலில் இருந்த சில வண்டிகள் வரவே இல்லை. வந்த சில வண்டிகள் பட்டியலில் இல்லை. விசாரித்ததில் காரணம் புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு பர்மிட்டுக்கு ஐந்து வருஷ ஆயுள். வண்டி ஷெட்டில் படுத்துவிட்டாலும் காகிதத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கும். மாநில எல்லை தாண்டுகிற வண்டிக்கு அடுத்த மாநிலத்தின் மேலொப்பமும் வேண்டும் என்பதால் ஒரே வண்டி இரண்டு பட்டியலில் இரண்டு பெயரில் இருந்தது. ஒன்றில் 'கடலூர்–பாண்டி', இன்னொன்றில் 'புதுச்சேரி–கடலூர்'. நான் அதை இரண்டு பஸ் என்று எண்ணி, ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்றை அடித்து நீக்கினேன்.

பட்டியலை விட எங்கள் கேள்வித்தாள்தான் பெரிய தடையாக இருந்தது. நாலு பக்கம், நாற்பதுக்கு மேல் கேள்வி. 'சேவை வழங்குநரின் பெயர்', 'வாகனத்தின் கொள்ளளவு', 'உச்ச நேர இடைவெளி'. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு மினி பஸ் ஓனரிடம் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தை வாசித்தார், கடைசிப் பக்கத்தில் 'நாள் ஒன்றுக்குச் சராசரி வருவாய்' என்பதைப் பார்த்தார், மடித்துத் திருப்பித் தந்துவிட்டார்.

"கலெக்‌ஷன் கணக்கு எதுக்கும்மா உனக்கு? நீ ஆர்.டி.ஓ ஆபீஸா, இன்கம்டாக்ஸா?"

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. கலெக்‌ஷன் வெளியே தெரிந்தால் அதே தடத்துக்கு இன்னொருவர் பர்மிட் கேட்பார். இரண்டு நிமிஷம் முன்னால் கிளம்புகிற வண்டி பின்னால் வருகிற வண்டியின் ஆட்களை வாரிக்கொண்டு போய்விடும் என்பதால், ஒரு டைமிங்குக்காக வருஷக்கணக்கில் அலைகிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவரிடம் முதல் சந்திப்பிலேயே வருமானம் கேட்டது எங்கள் தவறு. அன்று இரவு அந்த நாலு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு துண்டுத் தாளில் புதிதாக எழுதினேன். முதல் வண்டி எத்தனை மணிக்கு? கடைசி வண்டி? எத்தனை சிங்கிள்? ராத்திரி ஹால்ட் எந்த ஊர்? எங்கே திருப்புவீங்க? ஸ்டேஜ் (டிக்கெட் கட்டணம் மாறுகிற இடம்) எங்கெங்கே மாறுது? எந்த நாள்ல ட்ரிப் கட் ஆகும்? ஏழே கேள்வி. கலெக்‌ஷன் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுபடி அவரிடமே போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஏழுக்கும் பதில் சொன்னார். எட்டாவதாக, நான் கேட்காமலே, "சாயந்திரம் ஆறு மணி ட்ரிப்ல டீசல் காசுகூட தேறாது, இருந்தாலும் பள்ளிக்கூடப் புள்ளைங்க நிக்குதுங்களேன்னு எடுக்கறேன்" என்றார். பஸ்ஸே பார்க்காத ஊர்களுக்கு வண்டி போகட்டும் என்று 1997-ல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. இப்போதைய புதிய திட்டத்தில் ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை நீளலாம். எந்தத் தடத்தை நீட்டினால் எந்த ஊர் பிழைக்கும் என்று அவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த நான்கு மாதத்தில் நான் அதிகம் கற்றது கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டைம் கீப்பரிடம். அறுபதை நெருங்கிய மனிதர். மர ஸ்டூல், கழுத்தில் விசில், மடியில் நீளவாக்கில் தைத்த ஒரு கணக்கு நோட்டு. வண்டி உள்ளே வந்தால் நீல மையில் ஒரு நேரம், வெளியே போனால் சிவப்பில் ஒரு நேரம். சில வரிகளில் வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. என்ன என்று கேட்டேன். அந்த வண்டி பிரேக்டவுன், ஸ்பேர் வண்டி ஓடுகிறது என்று அர்த்தமாம். சுழித்துவிட்டிருந்தால் ட்ரிப்பே எடுக்கவில்லை.

சுவரில் இருந்த நேரப் பலகையை நான் போட்டோ எடுப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர்டுல இருக்கறத எழுதிக்கறதுன்னா பத்து நிமிஷம்மா. ஓடறத எழுதணும்னா நாலு நாளு உக்காரணும்."

உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் விடியற்காலை, கையில் ஸ்கேன் கவரோடு ஒரு அம்மா வந்தார். குறிஞ்சிப்பாடி பக்கம். ஜிப்மரில் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், எந்த வண்டி என்று கேட்டார். டைம் கீப்பர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "இப்ப நிக்கறதுல ஏறாதம்மா, அது ஊர் ஊரா நின்னு போவும். அடுத்து வர்றதுல ஏறு. பாண்டி புது பஸ் ஸ்டாண்டுல எறங்கினா கோரிமேடு போற வண்டி ரெடியா நிக்கும். கண்டக்டர்கிட்ட ஜிப்மர் வாசல்னு சொல்லு." அந்த அம்மா ஏறிப் போனார்.

தமிழ்நாட்டு வண்டி எத்தனை மணிக்குச் சேரும், அங்கே புதுச்சேரி வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும் என்ற மூன்றும் சேர்ந்த ஒரு தகவலை எந்த அலுவலகத்தாலும் எனக்குத் தர முடியவில்லை. அவரவரிடம் அவரவர் பாதிதான் இருந்தது. முழுசாக டைம் கீப்பரிடம் இருந்தது, தினமும் நோயாளிகள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது. அன்றைக்கே துண்டுத்தாளில் எட்டாவது கேள்வியாகச் சேர்த்தேன்: உங்க வண்டியில இறங்கறவங்க அடுத்து எந்த வண்டி ஏறுவாங்க?

டெம்போக்காரர்களிடம் வேறு மாதிரிப் பழக வேண்டியிருந்தது. முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பக்கம் நின்று 'எத்தனை மணிக்குக் கிளம்பும்ணே?' என்று கேட்டால், "சீட் ரொம்பினா கிளம்பும்" என்பதுதான் பதில். இதற்கு நேர அட்டவணை எப்படிப் போடுவது? உலகம் முழுக்க பஸ் தகவலைப் பதிய ஜி.டி.எஃப்.எஸ் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் பஸ் நேரம் தெரிவது பெரும்பாலும் இதன் தயவில்தான். நிறுத்தம், தடம், நடை, நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. குறித்த நேரமில்லாமல் 'இத்தனை நிமிஷத்துக்கு ஒன்று' என்று ஓடுகிற வண்டிக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே டிரைவரிடம் நேரம் கேட்பதை விட்டுவிட்டு, மணிக்கு எத்தனை வண்டி கிளம்புகிறது என்று ஸ்டாண்டில் நின்று எண்ணினேன். காலை எட்டு மணிக்கு ஒரு கணக்கு, மத்தியானம் இரண்டுக்கு ஒரு கணக்கு, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு கணக்கு.

டெம்போவும் ஷேர் ஆட்டோவும் ஒரு கூச்சத்தோடுதான் பேசுவார்கள். வாடகை வண்டிக்கான பர்மிட்டில் வழியில் ஆளை ஏற்றி இறக்கக் கூடாது என்று சட்டம். ஆனால் கடலூர் முதுநகரில் மீன் கூடையோடு விடியற்காலையில் நிற்கிற அக்காக்களை ஏற்றிக்கொள்கிறவர்கள் அவர்கள்தான், கூடைக்கு முகம் சுளிக்காமல். வண்டி எண்ணை எழுதிக்கொள்ள வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்து அதை அவர்களிடமும் சொன்னேன். நோட்டைத் திறந்தே காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு தம்பி தூசி படிந்த பின்கண்ணாடியில் விரலாலேயே தன் ரூட்டை வரைந்து, எங்கே ஆள் காத்திருப்பார்கள் என்று புள்ளி புள்ளியாக வைத்தான். அந்தக் கண்ணாடியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நிறுத்தங்களின் பெயரில் நிறையத் தடுமாறினேன். கண்டக்டர் 'தியேட்டர்' என்பார், தியேட்டர் இடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். அரசுப் பட்டியலில் அதே இடம் ஒரு நகரின் பெயரில். ஊர்க்காரர்களுக்கு அது 'ஆர்ச்'. மூன்றையும் மூன்று நிறுத்தமாக எங்கள் கணினி எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்து, பக்கத்துப் பெட்டிக்கடையில் 'இந்த ஸ்டாப்புக்கு என்ன பேரு?' என்று கேட்டுத்தான் சரிசெய்தோம். இதில் குறுக்கு வழியே இல்லை.

'வார நாள், வார இறுதி' என்ற பிரிவும் இங்கே செல்லாது. ஜி.டி.எஃப்.எஸ்ஸின் நாட்காட்டிக் கோப்பில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். எங்கள் ஊரில் வண்டிக் கூட்டத்தைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று சிறப்புப் பஸ் போகும். அன்றைக்கு உள்ளூர் ட்ரிப்பில் கை வைக்கவேண்டி வரும் என்று டிரைவர்கள் சொன்னார்கள். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம், அந்தத் தடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வடலூர் தைப்பூசம், மாசி மகம் எல்லாம் இப்படித்தான். நல்லவேளை, குறிப்பிட்ட தேதிகளை மட்டும் விதிவிலக்காகப் பதிய இன்னொரு கோப்பு இருக்கிறது. தினசரி காலண்டர் ஒன்றை வாங்கி, அமாவாசையும் முகூர்த்தமும் வருகிற தேதிகளைப் பேனாவால் வட்டமிட்டு அதில் ஏற்றினேன். ஆய்வை மேற்பார்த்தவர் முதலில் புருவத்தை உயர்த்தினார். முகூர்த்த நாள் ஒன்றில் அவரைத் திருவந்திபுரம் வண்டியில் கூட்டிப் போன பிறகு மறுபேச்சு இல்லை.

பெண்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கண்ணெதிரே மினி பஸ் காலியாகப் போனாலும் இலவச வண்டிக்கு முக்கால் மணி நேரம் நிற்கிற பெண்களைப் பார்த்தேன். 'ஸ்டாப்பில் கூட்டம், ஆகவே வண்டி குறைவு' என்று வெறும் எண்ணிக்கையை வைத்து எழுதியிருந்தால் தப்பாகியிருக்கும். அந்த முக்கால் மணி நேரம் அவர்கள் சேமிக்கிற பத்துப் பதினைந்து ரூபாய்க்கு அவர்கள் கொடுக்கிற விலை. அதையும் அட்டவணைக்குப் பக்கத்தில் குறிப்பாக எழுதினேன்.

மூன்றாம் மாத முடிவில் எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்தோம். இடது பக்கம் கடலூர், வலது பக்கம் புதுச்சேரி, நடுவே ஊர்கள், கீழே மணி. தகவல் கொடுத்த ஒவ்வொருவரிடமும் அதை எடுத்துப் போய்க் காட்டுவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வாங்கிப் போனவள் திரும்பி வந்து காட்டினால்தானே அடுத்த முறை வாய் திறப்பார்கள். மினி பஸ் ஓனர் தன் தடம் அச்சில் இருப்பதைப் பார்த்து மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். டெம்போ ஸ்டாண்டில் ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் தாள் வெறுமையாக இருப்பதைப் பார்த்து ஓர் அண்ணன் சிரித்தார். "அந்த நேரத்துலதான் ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சு நர்ஸ் பொண்ணுங்க வரும். நாங்க நாலு வண்டி அதுக்குன்னே நிப்போம். நீ ஒன்பதுக்கு ஸ்டாண்டுல எண்ணிட்டுப் போன, நாங்க ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தோம்." அந்த நாலு வண்டியையும் அங்கேயே சேர்த்தேன்.

கடைசியாக டைம் கீப்பரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து, மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நடுவில் இரண்டு வண்டிக்கு விசில் ஊதிவிட்டு வந்து மறுபடி அதே வரியில் விரலை வைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் திருத்தினார். ரெட்டிச்சாவடியில் நிற்கிற கடைசி வண்டியின் நேரம் அதில் ஒன்று. நான் அந்த ஊர்க்காரி, அந்த வண்டிக்காக எத்தனையோ ராத்திரி நின்றவள், ஏழு நிமிஷம் தவறாக எழுதியிருந்தேன். திருத்தி முடித்து, "இன்னொரு காப்பி இருக்கா? இங்க ஒட்டி வெக்கறேன், எல்லாம் என்னையே கேக்குதுங்க" என்றார். திருத்தியதை மறுநாள் அச்சடித்து எடுத்துப் போனேன். பழைய நேரப் பலகைக்குக் கீழே, அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறார். புள்ளியும் சுழியும் போட ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.