காகிதத்தில் 15½ மணி, பயணத்தில் 33½ மணி

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னைக்கு 13,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 15½ மணி என்று ஓர் இணையதளம் காட்டியது. அம்மாவும் நானும் போகும் பயணம். பொங்கல் நேரம் என்பதால் ரயில் டிக்கெட்டை முதலில் எடுத்தேன். வெள்ளி இரவு 10.30-க்குக் கிளம்பினால் சனி மதியம் சென்னை, இரவு எழும்பூரில் மதுரை ரயில் என்று கணக்குப் போட்டேன். இந்தியா 13½ மணி முன்னால் இருப்பதைச் சேர்க்கவே இல்லை. விமான டிக்கெட் கைக்கு வந்து, சென்னை சேரும் நாள் ‘ஞாயிறு’ என்று பார்த்தபோது நெஞ்சு பதறியது. அதற்குள் ஞாயிறு ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது.

அந்த 15½ மணி, நேர்க்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொன்னது. நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூர் வழியாகப் போனால் 13,600, பிறகு 2,900, ஆக 16,500 கிலோமீட்டர். அதற்கு மேல் எதிர்காற்று. வட பசிபிக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயரக் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். சிங்கப்பூர் வரைக்குமே 17 மணி நேரம் பிடித்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பணம் மிச்சமாகுமே என்று இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்ததுதான் இன்னும் வலிக்கிறது. பெட்டிகளைச் சிங்கப்பூர் வரைதான் அனுப்ப முடியும் என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். விமானம் கிளம்பவே 1 மணி 50 நிமிடம் தாமதம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காலை 9.20-க்கு இறங்கினோம். 10.15 சென்னை விமானத்தின் கவுண்டர் 9.15-க்கே மூடிவிட்டது! பெட்டியை எடுக்கக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். சிங்கப்பூர் விசா இல்லாவிட்டாலும், அமெரிக்க விசா இருந்ததால் 96 மணி நேர அனுமதியில் விட்டார்கள். வருகை அட்டையை முன்பே நிரப்பி வைத்திருந்தேன். நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

“தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் நாங்கள் பொறுப்பில்லை” என்றார் கவுண்டர் ஊழியர், முகத்தைக்கூடப் பார்க்காமல். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. “விடுப்பா, வேற டிக்கெட் எடு” என்று அவரே சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரவு 8 மணி விமானத்துக்கு மறுபடியும் பணம் கட்டினேன். சக்கர நாற்காலியை மட்டும் வாதாடி வாங்கினேன். சென்னையில் இறங்கும்போது ஞாயிறு இரவு 9.35. கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் 33½ மணி நேரம்.

நான் திரும்பியது ஒரே டிக்கெட்டில், சிங்கப்பூரில் ஐந்து மணி நேர இடைவெளியோடு. பெட்டியில் ஒட்டிய சீட்டில் கடைசி ஊரின் குறியீடு ‘எஸ்எஃப்ஓ’ (சான் பிரான்சிஸ்கோ) என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே கவுண்டரை விட்டு நகர்ந்தேன். இந்த முறை காற்று பின்னாலிருந்து தள்ளியது. சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 15 மணி நேரம்கூட ஆகவில்லை.