அடுப்படியில் கிடந்த 43

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு நான் போனது ஒரு கத்தியைப் பார்க்க. வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று "சும்மா ஈப்போ பக்கம்" என்று சொல்லிவிட்டு கே.எல். சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறிவிட்டேன். கத்தியை அந்த வீட்டுக்காரர்களே கொண்டுவந்து காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய ராணுவக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலிலும் கடைத்தெருவிலும் சுற்றினால் நம் ஊரில் என்ன ஆகும் என்று தெரியாதா? அதனால்தான் "அண்ணே, அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், நானே வர்றேன்" என்று சொன்னேன்.

எனக்குப் பழைய ராணுவத் துப்பாக்கிகள் மேல் பைத்தியம். பைத்தியம் மட்டும்தான், துப்பாக்கி கிடையாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிற நாட்டில், போலித் துப்பாக்கி வைத்திருந்தாலே வம்பு வரும் நாட்டில், அமெரிக்காக்காரன் சுவர் முழுக்க லீ என்ஃபீல்டு (பழைய பிரிட்டிஷ் பட்டாளத் துப்பாக்கி) மாட்டி வைத்திருக்கும் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். ஆகவே நான் சேர்ப்பது முத்திரைகளை. இரும்பில் குத்தியிருக்கும் எழுத்து, எண், கிரீடம், எந்த ஆலை, எந்த வருஷம். போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று காவலாளியிடம் திட்டு வாங்கிய கதையெல்லாம் உண்டு.

ஸ்டேஷனில் இறங்கியதும் நல்ல வெயில். கத்தி வீட்டு அண்ணன் மோட்டாரில் காத்திருந்தார், முன்பு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். "பசியாறியாச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டி சானாய் வாங்கித் தந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் செம்பனை. அவர் சிறு வயதில் இதெல்லாம் பால்மர (ரப்பர்) காடாம். இந்த வட்டாரத்தில்தான் 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதிலிருந்து ஆரம்பித்த அவசரகாலம் 1960 வரை இழுத்தது. எங்கள் பெரியவர்கள் அதைக் கம்யூனிஸ்ட் காலம் என்பார்கள்.

வீட்டில் பாட்டி இருந்தார், அண்ணனின் அம்மா, வயது 87. கத்தி அவருடையது. அதாவது அடுப்படியில் தேங்காய் மட்டை உரிக்கவும் வாழைத்தண்டு நறுக்கவும் அறுபது எழுபது வருஷமாக அவர் புழங்கிய கத்தி. குடும்பக் கதை என்னவென்றால், 1941 டிசம்பரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இந்த வழியாகத் தெற்கே பின்வாங்கி ஓடியபோது (அப்புறம் கம்பாரில்தான் நின்று நாலு நாள் சண்டை போட்டார்கள்), சாலையோரச் சாக்கடையில் ஒரு ஜப்பான்காரன் கத்தி கிடந்ததைத் தாத்தா (பாட்டியின் வீட்டுக்காரர்), அப்போது பதின்மூன்று வயதுப் பையன், பொறுக்கிக்கொண்டு வந்தாராம். பேரன் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி "சாமுராய் வாளா அண்ணா?" என்று கேட்டிருந்தான். பேராசை.

ஜப்பான் கத்தி இல்லை என்பது கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. ஜப்பான்காரனின் 30ஆம் வகை பயோனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, 40 சென்டிமீட்டர் அலகு, பக்கவாட்டில் ஒரு பள்ளம் ஓடும். இது அளந்தால் சரியாக 12 அங்குலம், பள்ளம் இல்லாத மொட்டை அலகு. ஆனால் பயோனெட்தான், சந்தேகமே இல்லை: குறுக்குக் கட்டையில் வளையம், கைப்பிடி முடிவில் மாட்டும் காடி, அழுத்தினால் உள்ளே போக வேண்டிய பொத்தான் (துருப்பிடித்து இறுகிக் கிடந்தது). கைப்பிடி மரம் ஒரு பக்கம் அசல். மறு பக்கம் பால்மரத்துண்டைச் செதுக்கி ஆணி அடித்திருந்தார்கள்.

இப்போது முத்திரை வேண்டும். கைப்பிடியை ஒட்டி, கூர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் தட்டையான இடத்தில்தான் குத்துவார்கள். அங்கே ஒரு பக்கத்தைப் பேரன் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். எனக்கு வந்த கோபத்தை விருந்தாளி என்பதால் விழுங்கிக்கொண்டேன். தயவுசெய்து, வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், உப்புத்தாள், கம்பி நார், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் நனைத்த பழந்துணியைச் சுற்றி அரை மணி வைத்தால் போதும். மறு பக்கத்துக்கு அதைத்தான் செய்தேன். பிறகு பாட்டியின் முகப் பவுடரைக் கொஞ்சம் வாங்கி விரலால் தேய்த்து, துடைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் படுக்கை வாட்டில் பிடித்தேன். பள்ளங்களில் தங்கிய வெள்ளைப் பவுடர் எழுத்தாக எழுந்து வந்தது. முதலில் கிரீடம். கீழே ஜி.ஆர்.ஐ., ஜார்ஜ் மன்னர் பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம். ஆர்.எஃப்.ஐ., அதாவது வங்காளத்தில் இருக்கும் இஷாப்பூர் துப்பாக்கி ஆலை. மாத எண் துருவில் போய்விட்டது. வருஷம் இருந்தது. 43.

இந்தியப் பட்டாளத்தின் லீ என்ஃபீல்டில் மாட்டும் கத்தி. அந்தத் துப்பாக்கிக்கு 1907 மாதிரி பயோனெட் 17 அங்குலம், முழங்கை நீளம். போர் நடக்கும்போதுதான் இந்தியாவில் அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இதை யாரும் விற்க முயலவில்லை. விற்கிற பொருளென்றால் முதலில் என் கை அதன் பொய்யைத்தான் தேடும். ஜப்பான்காரனின் அரிசாக்கா துப்பாக்கியில் ஜப்பான் மன்னரின் முத்திரையான 16 இதழ் செவ்வந்திப் பூ இருக்கும், சரணடைந்தபோது பலவற்றில் அதை அரத்தால் ராவி அழித்துவிட்டார்கள், அழிக்காத பூவுக்கு விலை அதிகம் என்பதால் புதிதாகப் பூ செதுக்கி விற்கிறவர்கள் உண்டு. லீ என்ஃபீல்டின் குட்டை வடிவமான ஜங்கிள் கார்பைன் இன்னும் மோசம். 1944 முதல் 1947 வரைதான் செய்தார்கள், இங்கே கம்யூனிஸ்ட் காலத்தில் நிறையப் புழங்கிய துப்பாக்கி, ஆனால் வெளிநாட்டு வியாபாரிகள் சாதாரண லீ என்ஃபீல்டுக் குழலை அறுத்து, முனையில் புனல் மாதிரி ஒன்றைப் பொருத்தி அதே பெயரில் தள்ளிவிட்டார்கள். அசலில் எடை குறைக்க போல்ட்டின் (தோட்டா ஏற்ற இழுக்கும் பாகத்தின்) குமிழைக்கூடக் குடைந்திருப்பார்கள். புனலைப் பார்த்து மயங்காமல் குமிழைப் பாருங்கள். ஒரு அடுப்படிக் கத்தியில் யார் இந்த வேலையெல்லாம் செய்யப்போகிறார்கள்?

சரி, 43 என்றால் என்ன அர்த்தம் என்று அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. 1943இல் வங்காளத்தில் செய்த கத்தி 1941இல் சுங்கை சிப்புட் சாக்கடையில் கிடக்க முடியாது. 43இல் மலாயா ஜப்பான்காரன் கையில். ஆக இது போர் முடிந்து இந்தியப் பட்டாளம் திரும்ப வந்தபோதோ (25ஆம் இந்திய டிவிஷன் 1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் இறங்கியது), அதற்கும் பிறகோதான் இங்கே வந்திருக்க வேண்டும்.

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"அப்பா தோட்டத்துல காவல் வேலை ஏதாச்சும் பார்த்தாராம்மா? எஸ்சி மாதிரி?" என்று கேட்டார் அண்ணன். எஸ்சி என்றால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அவசரகாலத்தில் தோட்டங்களுக்குத் துப்பாக்கி கொடுத்து நிறுத்தியவர்கள்.

"கல்யாணம் கட்டி நான் வந்தப்பவே இது அடுப்பாண்டதான் கெடந்துச்சு" என்றார் பாட்டி.

"அதில்லம்மா, எங்கேயிருந்து..."

"சப்பான்காரன் கத்தின்னு சொல்லுன்னாரு. சொன்னேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். நான் நோட்டில் கிரீடத்தை வரைந்து, ஆர்.எஃப்.ஐ., 43, மாதம் இல்லை, வலப்பக்கம் பால்மரக் கைப்பிடி என்று எழுதிக்கொண்டேன். போலீஸ் நிலையத்தில் ஒரு தடவை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டி எழுந்து வந்து, பவுடர் அப்பியிருந்த கத்தியைப் புடைவைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மத்தியானம் வாழைத்தண்டுக் கூட்டு.