விறகுச் சீட்டும் காற்றாலை யூனிட்டும்

திருப்பூரில், சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஊரின் பிழைப்பே போயிற்று என்று பலரும் புலம்பினார்கள். அந்த உத்தரவு சரி என்றுதான் இன்றும் சொல்வேன். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகக் கிடந்தது. கீழே இருந்த தோட்டங்களின் கிணறுகள் உப்பாகிப்போயின.

சுத்திகரிப்புக்குக் கரண்ட் ஏராளமாக வேண்டும். சாயத் தண்ணீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளி நல்ல தண்ணீரைப் பிரிக்க வேண்டும். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி, உப்பை எடுத்துச் சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்தச் செலவைத் தாங்கக் காற்று கை கொடுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டம்பர் வரை உடுமலைப் பக்கம் வெளுத்து வாங்கும். திருப்பூர் முதலாளிகள் பலர் அங்கும், தெற்கே முப்பந்தல் பக்கமும் காற்றாலை போட்டிருக்கிறார்கள்; அங்கே எடுக்கும் யூனிட் இங்கே கரண்ட் பில்லில் கழிகிறது. பலரை இழுத்தது தேய்மானக் கணக்கில் கிடைத்த வரிச்சலுகை. இருக்கட்டுமே! ஆதாயம் இல்லாமல் யார் பணத்தை இறக்குவார்கள்? அந்தப் பணம் ஆற்றைக் கெடுக்காத பக்கம் போகும்படி விதி போடுவது அரசின் பொறுப்பு.

ஆனால் ஆற்றைக் காக்கும் வேலை முடிந்துவிட்டது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. கரைசலைக் காய்ச்சும் நீராவிக்குப் பாய்லரில் விறகு எரிகிறது. லாரி லாரியாக இறங்கும் விறகின் எடைச் சீட்டுகள், மரத்தூள் ஒட்டியபடி, என் மேசைக்குத்தான் வருகின்றன. சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்ப முடியாத, எதற்கும் உதவாத கலப்பு உப்பும் மிஞ்சுகிறது; அது கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. அதற்கு இன்னும் ஒரு போக்கிடம் அமையவில்லை.

விறகுக்கு வழி இருக்கிறது. வெளியேறும் நீராவியையே அழுத்திச் சூடேற்றி, மறுபடி காய்ச்சப் பயன்படுத்தும் ஆவியாக்கிகள் வந்துவிட்டன. அவை கரண்டில் ஓடுகின்றன. விறகு குறையும், யூனிட் கூடும். கூடும் யூனிட்டுக்காக விளைநிலத்தைத் தேடிப் போகவும் வேண்டாம். காற்று நன்றாக வீசும் இடங்களில், 1990களில் நட்ட 225 கிலோவாட் காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 2 மெகாவாட் இயந்திரங்களை நிறுத்தினால், அதே காற்றில் பல மடங்கு மின்சாரம் எடுக்கலாம். அடுத்த கடன் எதற்கு என்று நிர்வாகம் கேட்டால், முதலில் ஆவியாக்கிக்கு என்றுதான் நான் எழுதிக் கொடுப்பேன்.