பூச்சுக்கு முன் முடித்த கரண்ட் வேலை

வீட்டில் ஓர் அறையை ஹோம் தியேட்டர் ஆக்கப் போகிறேன் என்று சொன்னதும் யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அப்ப த்ரீ பேஸ் எடுக்கப் போறியளோ?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கு வேலையே இல்லை. எங்களுக்கு இருப்பது சிங்கிள் பேஸ் 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ட்டால் பெருக்கினால் 6900 வாட்ஸ். புரொஜெக்டருக்கு 300 வாட்ஸ் அளவில் போகும். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஏவி ரிசீவர் வீட்டில் கேட்கிற சத்தத்தில் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்குப் பக்கத்திலும் வராது. சப்வூபர் சண்டைக் காட்சியில் ஒரு கணம் இழுத்துவிட்டு அடங்கும். எல்லாவற்றுக்குமாக 1000 வாட்ஸ் என்று தாராளமாகவே வைத்தேன். அந்த அறையில் உண்மையாகக் கரண்ட் குடிப்பது ஏசி. வீட்டுக்குள் கிணற்று மோட்டர், அயன், கேத்தல். இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால்தான் மெயினுக்குக் கஷ்டம், அப்படி ஓடுவதும் குறைவு.

அதனால் கவலையை எவ்வளவு கரண்ட் என்பதிலிருந்து, அது எந்த வழியாக வருகிறது என்பதற்கு மாற்றினேன். எலக்ரீசியன் அண்ணைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "தம்பி, ரிவி பிளக்கில இருந்து ஒரு எக்ஸ்டென்சன் இழுத்தாக் காணுமே" என்றார். நான் கேட்டது அறைக்கென்று ஒரு சின்ன டிபி போட், அதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. வீட்டின் பழைய ட்ரிப் சுவிச்சுக்குக் கீழே கொடுக்காமல், மெயின் ஐசொலேற்றர் சுவிச்சிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் வயரில் நேரே பிரித்து எடுத்தோம். உள்ளே பிரேக்கரும் ட்ரிப் சுவிச்சும் ஒன்றாக வரும் ஆர்சிபிஓ இரண்டு. உபகரணப் பிளக்குகளுக்கு ஒன்று, அதற்கு 2.5 வயர், கடையில் 7/0.67 என்று கேட்டால் தருவார்கள். ஏசிக்கு மற்றது, 4 சதுர மில்லிமீற்றரில். அறை லைட்டை வேண்டுமென்றே பழைய வீட்டு வழியிலேயே விட்டோம். உபகரணப் பக்கம் விழுந்தாலும் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

ஏன் இந்தப் பிரிப்பு? இன்றைய சாமான் ஒவ்வொன்றின் பவர் சப்ளையும் தன் பில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் கசியவிடும். தனியே பார்த்தால் அற்பம். வீடு முழுவதற்கும் 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும் ஒரே ட்ரிப் சுவிச் என்றால் எல்லாம் கூடிக்கொண்டு போகும். மாரி காலத்தில் கிணற்று மோட்டர் கொஞ்சம் ஈரம் பிடித்தால் போதும், படம் பாதியில் நிற்கும்.

ஆனால் மினக்கெட்ட இடம் எர்த்தான். இங்கே எர்த்தை லைன் தருவதில்லை, வீட்டுக்காரர்தான் கம்பி அடித்து எடுக்க வேண்டும். மீற்றர் சுவரடியில் இருந்த பழைய கம்பியை எர்த் டெஸ்டரில் பார்த்தால் 40 ஓமுக்கு மேல் (இது குறையக் குறைய நல்லது). ட்ரிப் சுவிச் வேலை செய்ய அது காணும். எனக்கு 10க்குக் கீழே வேண்டும் என்று பிடிவாதம். கொக்குவில் செம்மண் மேலே சில அடிதான், கீழே சுண்ணாம்புக்கல். ஐந்தடிக் கம்பியைச் சுவரடியிலேயே வேறு இடத்தில் இறக்கப் பார்த்தோம். அரைவாசி போனதும் சுத்தியல் துள்ளத் தொடங்கியது. கம்பித் தலை பூப்போல விரிந்ததே தவிர, ஓர் அங்குலமும் இறங்கவில்லை. "கல்லுத் தட்டுது தம்பி" என்று அண்ணை நிறுத்திவிட்டார்.

பிறகு கிணற்றடிக்குப் போனோம். குளிக்கிற தண்ணி ஓடுகிற வாழைப்பாத்தி ஓரம் எப்போதும் ஈரம், மண்ணும் ஆழம். அங்கே ஒரு கம்பி, பத்தடி தள்ளி இன்னொன்று. கிட்டக்கிட்ட அடித்தால் இரண்டாவதால் பெரிய பிரயோசனம் இல்லை. இரண்டையும் செப்புக் கம்பியால் தொடுத்து, பழைய எர்த்தோடும் சேர்த்தோம். டெஸ்டர் 8 காட்டியது. அளந்தது ஆவணி வெயிலில் என்பதால் அந்த எண்ணை நம்பலாம். மழைக்குப் பிறகு அளந்தால் எந்த எர்த்தும் நல்ல பிள்ளை.

சவுண்ட் சிஸ்டத்துக்கு வீட்டோடு சேராமல் தனி எர்த் அடித்தால் இரைச்சல் வராது என்று பலர் சொல்வார்கள். கேட்கவே வேண்டாம். இடி மின்னலில் இரண்டு எர்த்துக்கும் இடையில் எழும் வோல்டேஜ் உங்கள் உபகரணத்துக்குள்ளால்தான் போகும். ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்ம்' இரைச்சல், உபகரணங்கள் வேறு வேறு வழியால் எர்த்தைத் தொடுவதால் வருவது, அதற்குச் செய்ய வேண்டியது வேறு. புரொஜெக்டர் பிளக்கைச் சீலிங் பான் பொயின்டிலிருந்து எடுக்காமல், ரிசீவர் இருக்கும் அதே வழியிலிருந்து மேலே கொண்டுபோனோம். அதற்குப் பிறகும் மிஞ்சிய இரைச்சல் கூரை டிஷ் கேபிளால் வந்தது. அதைக் கழற்றினால் நின்றது, அந்தக் கேபிளின் எர்த் தொடர்பை அறுக்கும் சின்ன ஐசொலேற்றர் ஒன்று போட்டதும் தீர்ந்தது.

ஐப்பசி இடிக்காக டிபி போட்டில் சர்ஜ் அரெஸ்டரும் போட்டோம், லைனில் திடீரென ஏறும் வோல்டேஜை அது எர்த்துக்குத் திருப்பிவிடும். அம்மா இன்னும் முதல் முழக்கத்துக்கே பிளக்கைக் கழற்றச் சொல்லுவா. அவ சொல்வதும் சரிதான், நேரே விழுகிற மின்னலுக்கு அரெஸ்டர் காணாது.

யுபிஎஸ் புரொஜெக்டருக்கு மட்டும். லாம்ப் சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே பானும் நின்றுவிடும். ஆற விடப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு இலங்கை முழுவதையும் இருட்டாக்கியதே, அந்த மாதிரி நாளுக்கு எந்த யுபிஎஸ்சும் காணாது. யுபிஎஸ் வாங்குவதானால், லைன் கரண்ட் போலவே சீரான அலையைத் தரும் பியூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகச் சுவர். படமும் சத்தமும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளின் பிளக் தலை நுழைய வேண்டும் என்பதால் அதற்கு அகலமான குழாய், உள்ளே இழுவைக் கம்பியும் விட்டோம். கரண்ட் குழாயிலிருந்து ஓர் அடி தள்ளி ஓடும், குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகவே போகும். இவ்வளவு வெட்டினால் சுவர் என்னத்துக்கு என்று மேசன் முறைத்தார். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வைத்தேன். திரைக்குக் கொக்கி அடிக்கத் துளை போட்டபோது அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இடம் குறித்தோம்.