அறுபதுக்கு அறுபது வாங்கிய ஊரில் என் ஓட்டு

லண்டனுக்கு வருகிற நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர் முறையான விசாவில் இங்கே குடியிருந்தாலே ஓட்டுப் போடலாம். குடியுரிமை வேண்டாம், நிரந்தரக் குடியிருப்பு அனுமதிகூட வேண்டாம். காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதே போதும், கவுன்சில் தேர்தலுக்கும் சரி, பார்லிமெண்ட் தேர்தலுக்கும் சரி. (வேட்பாளராக நிற்பதற்குத்தான் நிரந்தர அனுமதி கேட்பார்கள்.) நான் 2017 கடைசியில் ஈஸ்ட் ஹாமில் குடியேறியபோது இதை எனக்குச் சொன்னவர் கீழ் வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன். "கவுன்சிலில இருந்து ஒரு கடிதம் வரும் தம்பி, விளம்பரம் எண்டு நினைச்சு எறிஞ்சு போடாதையுங்கோ, பேரைப் பதிஞ்சு விடுங்கோ" என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கடிதத்தை நான் பிரித்தே பார்த்திருக்க மாட்டேன்.

எனக்கு அது ஏன் பெரிய விஷயமாகப் பட்டது என்றால், நான் கிளம்பி வந்த நேரத்தில் தமிழ்நாட்டு நகராட்சி எதிலும் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கும் மேலாக அதிகாரிகள் கையில்தான் எல்லாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனுக்கு, 1964-இலிருந்து ஒரு முறைகூடத் தவறாமல் தேர்தல் நடக்கும் கவுன்சில் என்றால் பொறாமையாக இருக்காதா? ஆனால் ஈஸ்ட் ஹாம் அடங்கிய இந்த நியூஹாம் கவுன்சிலின் தேர்தல் முடிவுகளைத் தேடிப் பார்த்தபோது திகைத்துப் போனேன். 2010-இல் மொத்தம் 60 இடம், லேபர் கட்சிக்கு 60. 2014-இலும் 60-க்கு 60. நான் முதல் முறை ஓட்டுப் போட்ட 2018-இலும் அதே கணக்கு. ஊரில் தேர்தல் இருந்தது, எதிர்க்கட்சி இல்லை.

இது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள இந்த ஊரின் பழைய கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும். எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். நியூஹாம் என்ற பெயரே 1965 ஏப்ரல் 1-இல் பிறந்தது. அதற்கு முன் வெஸ்ட் ஹாம் தனி, ஈஸ்ட் ஹாம் தனி, இரண்டுமே சொந்த டவுன் ஹால் வைத்துக்கொண்டு தனிக்காட்டு ராஜாவாக இருந்த கவுன்ட்டி பரோக்கள், அதாவது தங்கள் நிர்வாகத்தைத் தாங்களே நடத்திய நகராட்சிகள். பார்க்கிங் ரோட்டில் மணிக்கூண்டோடு சிவப்புச் செங்கல்லில் நிற்கிறதே, 1903-இல் திறந்த அந்த ஈஸ்ட் ஹாம் டவுன் ஹால், அதைப் பார்த்தாலே அந்தக் காலத்து மிடுக்கு தெரியும். இரண்டையும் இணைத்து, தேம்ஸுக்கு வடகரையில் இருந்தும் தென்கரை வூலிச்சோடு ஒட்டிக்கொண்டிருந்த நார்த் வூலிச்சையும் சேர்த்து உருவாக்கியதுதான் இன்றைய நியூஹாம்.

வெஸ்ட் ஹாம் சாதாரண ஊர் இல்லை. துறைமுகம், ரசாயன ஆலைகள், பக்கத்திலேயே பெக்டனில் பிரம்மாண்டமான கேஸ் ஆலை. அந்த ஆலையில் வேலை பார்த்த வில் தோர்ன் 1889-இல் தொழிலாளர்களைத் திரட்டிச் சங்கம் வைத்து எட்டு மணி நேர வேலையை வாங்கிக் கொடுத்தார், அப்புறம் 1891-இல் வெஸ்ட் ஹாம் கவுன்சிலுக்குள் நுழைந்தார். அடுத்த வருஷம் லேபர் கட்சியின் முன்னோடித் தலைவர் கெய்ர் ஹார்டி இங்கிருந்துதான் முதல் முறையாகப் பார்லிமெண்ட் போனார். 1898-இல் வெஸ்ட் ஹாம் கவுன்சில் தொழிலாளர் அணியின் கைக்கு வந்தது, பிரிட்டனில் அதுதான் முதல் தடவை. லேபர் கட்சி என்ற ஒன்று முறையாக உருவாவதற்கே முன்னால் நடந்தது இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1926-இல் வெஸ்ட் ஹாமில் ஏழைகளுக்கு நிவாரணம் வழங்கும் பொறுப்பில் இருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் அளவுக்கு மீறிக் கொடுக்கிறது என்று சொல்லி, நெவில் சேம்பர்லின் அமைச்சராக இருந்தபோது தனிச் சட்டமே போட்டு அதைக் கலைத்து, நியமன ஆட்களை உட்கார வைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மேலிருந்து தூக்கி எறிவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

ஆக, லேபருக்கு இங்கே வேர் ஆழம். 2022 வரை ஒரே ஒரு முறைதான் அது ஆடியது. 1968 மே 9-ஆம் தேதித் தேர்தல். பவுண்டின் மதிப்பைக் குறைத்த ஹெரால்ட் வில்சனின் லேபர் அரசின் மேல் நாடே கோபமாக இருந்த நேரம், லண்டனின் 32 கவுன்சில்களில் 28-ஐக் கன்சர்வேட்டிவ் அள்ளிக்கொண்டது. நியூஹாமில்கூட லேபருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. சரியாக ஒரு வாரம் கழித்து, மே 16 விடியற்காலையில், கேனிங் டவுனில் அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்த 22 மாடி ரோனன் பாயிண்டில் கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கவுன்சிலின் வீட்டு வசதிக் குழுத் தலைவராக இருந்த ஒருவரின் பெயரைத்தான் அந்தக் கட்டடத்துக்கு வைத்திருந்தார்கள். நாடு முழுவதும் கட்டட விதிகளை மாற்ற வைத்த விபத்து அது. ஒரு கவுன்சில் எடுக்கிற முடிவு மனிதர்களின் தலைக்கு மேல் கூரையாகவும் நிற்கும், சரிந்தும் விழும். கவுன்சில் தேர்தல் என்றால் குப்பை, தெருவிளக்கு என்று ஒதுக்கிப் பேசுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

1971-இல் லேபர் திரும்ப வந்தது, அதன் பிறகு 2022 வரை ஒவ்வொரு தேர்தலிலும் அவர்களே. நடுவில் சில கீறல்கள் விழுந்தன. 2006-இல் இராக் போரின் கோபத்தில் ரெஸ்பெக்ட் கட்சி கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் மூன்று இடம் பிடித்தது, கேனிங் டவுன் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கட்சி மூன்று இடம் பிடித்தது, லேபருக்கு 54. நான்கே வருஷத்தில் இரண்டும் துடைக்கப்பட்டு, 2010-இல் பழையபடி முழுசு.

இதை ஊர் மக்கள் எல்லோரும் ஒரே கட்சியை விரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 மேயர் தேர்தலில் லேபரின் ராபின் வேல்ஸ் வாங்கியது 60 சதவீதத்துக்குச் சற்று மேல். அப்படியானால் ஓட்டுப் போட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் அவரை முதல் தேர்வாக வைக்கவில்லை. ஆனால் அதே நாளில் கவுன்சிலில் அந்த நான்கு பேருக்கு ஓர் இடம்கூட இல்லை. காரணம் ஓட்டுமுறை. அப்போது 20 வார்டு, வார்டுக்கு மூன்று இடம், ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. பெரும்பாலானவர்கள் ஒரே கட்சியின் மூன்று பேருக்கும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். வார்டில் நூறு பேர் வந்து 55 பேர் ஒரு கட்சிக்குப் போட்டால், அந்த 55 பேருக்கு மூன்று இடமும் போகும், மீதி 45 பேருக்குப் பூஜ்யம். இது 20 வார்டிலும் நடந்தால் 60-க்கு 60. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை, ஆனால் நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஸ்காட்லாந்தில் 2007 முதல் கவுன்சில் தேர்தலை விகிதாசாரத்துக்கு நெருக்கமான முறையில் நடத்துகிறார்கள், இங்கிலாந்து இன்னும் பழையதை விடுவதாக இல்லை.

எதிர்க்கட்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒலிம்பிக் மைதானத்தை மாற்றியமைக்க நியூஹாம் கவுன்சில் நான்கு கோடி பவுண்டு போட்டது, 2017-இல் அதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. அவ்வளவு பணத்தைப் பற்றி எதிர் வரிசையில் உட்கார்ந்து கேட்க ஒரு கட்சியும் இல்லை. 2013-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஃபோகஸ் ஈ15 என்ற, வீடற்ற இளைஞர்களுக்கான விடுதியில் இருந்த இளம் தாய்மார்களைக் காலி செய்யச் சொன்னபோது, அவர்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் இறங்கினார்கள், அடுத்த வருஷம் கார்பெண்டர்ஸ் எஸ்டேட் குடியிருப்பில் கவுன்சில் பூட்டி வைத்திருந்த வீடுகளுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். அந்த வருஷங்களில் நியூஹாமின் எதிர்க்கட்சி அந்தப் பெண்கள்தான்.

அதே கவுன்சில் செய்த நல்லதையும் மறைக்க முடியாது. 2009-இலேயே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும், பெற்றோரின் வருமானம் பார்க்காமல், மதியச் சாப்பாடு இலவசம் என்று தொடங்கினார்கள். லண்டன் முழுவதும் அப்படி வந்தது 2023-இல்தான். 2013 ஜனவரியில், தனியார் வாடகை வீடு எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று பரோ முழுவதும் விதித்தார்கள், இங்கிலாந்தில் இப்படிச் செய்த முதல் கவுன்சில் இதுதான். ஓர் அறையில் நான்கு கட்டில் போட்டு வாடகை வசூலிக்கிற வீடுகளில் தங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஈஸ்ட் ஹாமில் வீடு பார்க்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த முகவரிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

2018-க்கு வருகிறேன். அந்த வருஷத்து உண்மையான தேர்தல் மே மாதம் நடக்கவில்லை, மார்ச் மாதமே முடிந்துவிட்டது. 1995 முதல் தலைவராகவும் 2002 முதல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராகவும் இருந்த ராபின் வேல்ஸை எதிர்த்து, லேபர் கட்சிக்குள்ளேயே ரோக்சானா ஃபியாஸ் நின்றார். கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள், 861-க்கு 503 என்று அவர் ஜெயித்தார். மூன்றரை லட்சம் பேர் வாழும் ஊரின் மேயர் யார் என்பதை 1,400 பேருக்கும் குறைவானவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மே மாதம் நாங்கள் போட்டது அதற்கு வைத்த முத்திரை. ஒரே கட்சி ஆளும் ஊரில் கட்சி உறுப்பினராக இல்லாதவனுக்குப் பாதி ஓட்டுதான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். எங்கள் பக்கத்து வால் எண்ட் வார்டில் பல வருஷம் கவுன்சிலராக இருந்த பால் சத்தியநேசன் இலங்கைத் தமிழர். இப்படிக் கட்சிக்குள் போய்ப் பெயர் எடுத்தவர்களால்தான் நம் ஆட்களின் குரல் அங்கே கொஞ்சமாவது கேட்டது.

ஓட்டுப் போட்டது ஒரு வியாழக்கிழமை. இங்கே எப்போதும் வியாழன்தான், லீவு கிடையாது, காலை 7 முதல் இரவு 10 வரை நேரம் கொடுப்பதால் வேலை முடிந்தே போகலாம். பக்கத்து ஆரம்பப் பள்ளியில் நுழைந்து பெயரையும் முகவரியையும் சொன்னேன், அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. விரலில் மை இல்லை, போலீஸ் இல்லை, மெஷின் இல்லை. இரண்டு சீட்டு, ஒரு பென்சில். மேயர் சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு கட்டம் இருந்தது. 2022 தேர்தலோடு அதையும் எடுத்துவிட்டு, ஒருவருக்கு ஓர் ஓட்டு மட்டும்தான் என்று சட்டத்தை மாற்றினார்கள். எனக்கு அதில் வருத்தம்.

அதன் பிறகு ஊர் மெதுவாக அசையத் தொடங்கியது. 2021-இல் நேரடி மேயர் முறை வேண்டுமா, கவுன்சிலர் குழுக்கள் சேர்ந்து நிர்வகிக்கும் கமிட்டி முறை வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், மேயரே இருக்கட்டும் என்று முடிவானது. 2022-இல் இடங்கள் 66 ஆயின, லேபருக்கு 64, புதிதாகப் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க் வார்டில் பசுமைக் கட்சிக்கு 2. 16 வருஷத்துக்குப் பிறகு முழுக் கவுன்சில் தேர்தல் ஒன்றில் வேறு கட்சிக்காரர் ஜெயித்து உள்ளே போனார்கள். 2023 ஜூலையில் பொலின் வார்டு இடைத்தேர்தலில் ஒரு சுயேச்சை லேபரைத் தோற்கடித்தார், நவம்பரில் ப்ளாஸ்டோ நார்த்தில் இன்னொரு சுயேச்சை. இவர்களுடைய அரசியலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் கவுன்சில் கூட்டத்தில் கேள்வி கேட்க ஆள் வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

புதிதாக வந்தவர்களுக்கு: வீடு மாறிய ஒவ்வொரு தடவையும் பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும், பழைய முகவரியில் இருந்த பதிவு தானாகக் கூடவே வராது. தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும். தேசியக் காப்பீட்டு எண் கையில் இருந்தால் கவுன்சில் வாசலுக்கே போக வேண்டாம், இணையத்தில் ஐந்து நிமிஷ வேலை. 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளம் காட்ட வேண்டும், அதற்கு நம் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டையே ஏற்றுக்கொள்கிறார்கள்.