கொல்ஹாவின் சில்லுக் குவியல்கள்

மத்திய அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாட்டின் வடபகுதியில் கொல்ஹா என்றொரு மாயா தொல்லிடம் இருக்கிறது. அங்குள்ள மேடுகள் சிலவற்றைத் தோண்டிய ஆய்வாளர்களுக்குச் சுவரோ தளமோ அகப்படவில்லை. மண்கூட அரிதாகவே கலந்த, ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த கற்சில்லு அடுக்குகளே வந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் கோடரிகளையும் மண்வேலைக்கான கருவிகளையும் செதுக்கியபோது தெறித்து விழுந்த கழிவு அது. அவ்வட்டாரத்துச் சுண்ணாம்பு நிலத்தில் செர்ட் எனப்படும் கல், சக்கிமுக்கிக் கல்லின் இனத்தைச் சேர்ந்தது, நல்ல தரத்தில் பெரிய உருண்டைகளாகக் கிடைக்கிறது. 1979 முதல் தாமஸ் ஹெஸ்டர், ஹாரி ஷேஃபர் ஆகியோர் நடத்திய அகழாய்வுகள், கி.மு. கடைசி நூற்றாண்டுகளிலேயே இவ்வூர் தன் தேவைக்கு மிக அதிகமாகக் கருவிகளைச் செய்து வெளியூர்களுக்கு அனுப்பிவந்தது என்பதைக் காட்டின.

அக்குவியல்களில் அடிக்கடி தென்படும் ஒருவகைச் சில்லு எனக்கு மிகவும் பிடித்தமானது. கொல்ஹாக் கைவினைஞர் உளி போன்ற ஒரு கருவியைச் செய்யும்போது, இருபக்கமும் செதுக்கி உருவம் கொண்டுவந்த பிறகு, அதன் முனையில் பக்கவாட்டில் ஒரே ஓர் அடி கொடுப்பார். அந்த அடியில் வளைந்த சில்லு ஒன்று கழன்று விழ, அது கழன்ற இடமே கூரிய வாய் ஆகிவிடும். அடி தவறினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். ஒரு கருவிக்கு ஒரு வாய், ஒரு வாய்க்கு ஒரு சில்லு என்பதால், கருவிகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்ட பின்னும், அங்கேயே கிடக்கும் இந்த வளைந்த சில்லுகளை எண்ணி உற்பத்தியின் அளவை ஓரளவு மதிப்பிட முடிகிறது. ஏறத்தாழ எல்லாத் தொழில்களிலும் விற்றுப் போன பொருளின் கணக்கு மறைந்துவிடும். கல் செதுக்கும் தொழிலில் மட்டும் அந்தக் கணக்கைக் கழிவே எழுதி வைத்திருக்கிறது.

வாங்கியவர்கள் யார் என்பதும் தெரியும். பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி மேட்டு வயல்கள் அமைத்துப் பயிரிட்ட புல்ட்ரவுசர் ஸ்வாம்ப் உழவர்களும், கடலோரத்துச் செர்ரோஸ் ஊராரும் கொல்ஹாவிலிருந்து முடிந்த கருவிகளைப் பெற்றார்கள். அந்த இடங்களில் தொடக்கநிலைச் செதுக்கலின் கழிவு மிகக் குறைவு; மழுங்கிய வாயை மீண்டும் தீட்டியபோது உதிர்ந்த சிறு சில்லுகளும், தேய்ந்து குறுகி வேறு வேலைக்கு மாற்றப்பட்ட கோடரித் துண்டுகளுமே நிறையக் கிடைக்கின்றன. நல்ல கல் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்ததால் கையிலிருந்ததைக் கடைசிவரை பயன்படுத்தியிருக்கிறார்கள். மாயா உழவருக்கு இரும்பும் இல்லை, ஏர் இழுக்க மாடும் இல்லை. காடு வெட்டியதும் சதுப்பைக் கொத்தியதும் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கல்லைச் சீவியதும் இத்தகைய கருவிகளால்தான்.

இத்தனை பெரிய ஏற்பாட்டை யார் நடத்தினார்கள்? 1971இல் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே முன்வைத்த விளக்கம் நீண்ட காலம் செல்வாக்குடன் இருந்தது. மாயா தாழ்நிலத்தின் உட்பகுதியில் உப்பு இல்லை, எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் இல்லை, சோளம் அரைக்கும் அம்மிக்கு ஏற்ற கடினக் கல்லும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையான இவற்றைத் தொலைவிலிருந்து கொண்டுவர ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. அந்த அமைப்பை நடத்தியவர்களே நாளடைவில் அரசர்கள் ஆனார்கள் என்பது அதன் சாரம். அழகான விளக்கம். ஆனால் கொல்ஹா போன்ற ஊர்கள் வெளிப்பட்ட பிறகு அது தளர்ந்துவிட்டது. கோடரிக்கான கல் தாழ்நிலத்துக்குள்ளேயே இருந்தது. உப்பு பெலிஸ் கடற்கரையிலும் யுகடானின் வடகரையிலும் விளைந்தது. இதே ராத்ஜேதான் பின்னர் அரிசோனாவில் இன்றைய நகரவாசிகளின் குப்பையைக் கிளறி ஆராய்ந்து பெயர் பெற்றார். மாயா பொருளாதாரம் பற்றிய அவருடைய கருத்தை அசைத்ததும் ஒரு குப்பை மேடுதான் என்பதை அவர் ரசித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்சிடியன் மட்டும் உண்மையிலேயே தொலைவுப் பொருள். குவாதமாலா மேட்டு நிலத்தில் எல் சாயால், சான் மார்ட்டின் ஹிலோட்டெபேக்கே, இக்ஸ்டெபேக்கே ஆகிய மூன்று இடங்களே மாயா உலகுக்கு முதன்மையான ஊற்றுகள். ஒவ்வோர் எரிமலைக் கண்ணாடிக்கும் அதில் கலந்துள்ள நுண்தனிமங்களின் விகிதம் வேறுபடுவதால், ஒரு துண்டு எந்த மலையிலிருந்து வந்தது என்பதை ஆய்வகத்தில் உறுதியாகச் சொல்ல முடியும். எல் சாயாலுக்கும் தாழ்நிலத்து மாயா பேரூரான டிக்காலுக்கும் நேர்க்கோட்டிலேயே 250 கிலோமீட்டருக்கு மேல். நடுவே மலையும் காடும். சுமை விலங்கோ வண்டியோ இல்லாத நிலையில் மனிதர் முதுகிலும் ஆற்றுப் படகிலும்தான் அது வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சுமையைத் தாங்கத்தக்கதாக்கியது ஒரு செய்முறை. மலையடியிலேயே கல்லைப் பல முகங்கள் கொண்ட உருளையாகச் செதுக்கிவிடுவார்கள். இதைக் கருக்கல் எனலாம். கருக்கல்லின் மேல்விளிம்பில் ஒரு முனையை வைத்து, அடிக்காமல் உடல் வலுவைக் கொண்டு அழுத்தினால், நீண்டு மெலிந்த, இருபுறமும் இணையாக ஓடும் கூர்விளிம்புகள் கொண்ட ஓர் அலகு பிரிந்து வரும். அது விட்டுச் சென்ற தடங்களே அடுத்த அலகுக்கு வழிகாட்டும். 16ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் இதை நேரில் கண்ட ஸ்பானியத் துறவிகள் வியந்து எழுதி வைத்தார்கள். 1960களில் அமெரிக்கக் கல் செதுக்கு வல்லுநர் டான் கிராப்ட்ரீ தம் கையாலேயே செய்து இச்செய்முறையை மீட்டெடுத்தார். கருக்கல்லைப் பாதங்களுக்கிடையே பிடித்துக்கொண்டு செய்திருக்க வேண்டும் என்பது பிற்காலச் சோதனைகளில் தெளிவானது. ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த எடையுள்ள ஒரே கருக்கல்லிலிருந்து 80க்கும் மேற்பட்ட அலகுகளையும், மொத்தம் ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள வெட்டு விளிம்பையும் எடுக்க முடியும் என்று ஒரு சோதனை காட்டியது. ஒருவர் முதுகில் கொண்டுவரும் சுமை ஒரு சிற்றூருக்குப் பல மாதங்களுக்குப் போதும் என்றால், அதை எல்லையில் நின்று தடுத்து வரி வாங்க நினைக்கும் அரசனுக்கு அது எளிய வேலை அல்ல.

கனமான கல்லின் கதை வேறு. மாயா பேரூர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மெக்சிகோ வளைகுடாவின் சதுப்பு நிலத்தில் ஓல்மெக் மக்கள் சான் லோரென்சோவில் ஒரு தலைநகரை எழுப்பியிருந்தார்கள். அதன் உச்சகாலம் கி.மு. 1200க்கும் 900க்கும் இடைப்பட்டது. இதுவரை அறியப்பட்ட 17 ஓல்மெக் பெருந்தலைச் சிற்பங்களுள் பத்து அங்கே கிடைத்தவை. அந்த எரிமலைப் பாறை அங்கே விளைவதல்ல. ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டுக்ஸ்ட்லா மலைகளிலிருந்து வந்தது. பல டன் எடையுள்ள பாறைகளைச் சக்கரமும் விலங்கும் இன்றிச் சேற்று நிலத்தின் ஊடாக நகர்த்துவதற்கு நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் வேலையை விட்டு வரச் செய்யும் அதிகாரம் வேண்டும். செதுக்கியதும் கல்லால்தான்: கடினமான கல்லால் கொத்திக் கொத்திப் பொடியாக்கி, பிறகு மணலிட்டுத் தேய்ப்பது. இதே பாறையில் வாய்க்கால் துண்டுகள் குடைந்து மூடியிட்டு, ஏறத்தாழ 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு வடிகாலும் அமைத்தார்கள்.

பின்னாளில் ஆன் சைஃபர்ஸ் நடத்திய அகழாய்வுகள் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகின்றன. உயர்குடியினர் வாழ்ந்த பெரிய கட்டடம் ஒன்றை ஒட்டி, பழைய சிற்பங்களை உடைத்துப் புதிய பொருள்கள் செய்த பட்டறை ஒன்றும் அங்கே கிடைத்தது. பெருந்தலைகளுள் சில முன்பு அரியணைகளாக இருந்து மறுபடி செதுக்கப்பட்டவை என்பதும் கல்லில் எஞ்சிய தடங்களால் தெரிகிறது. மலையிலிருந்து வந்த பாறையின் ஒரு துண்டுகூட ஆள்வோரின் கண்ணுக்கு வெளியே போகவில்லை என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. சியாபாஸ் பகுதியிலிருந்து வந்த இல்மனைட் என்னும் இரும்புக் கனிமத்தின் துளையிட்ட சிறு கட்டிகள் சான் லோரென்சோவில் டன் கணக்கில் குழிகளில் கொட்டப்பட்டிருந்ததும் இத்தகைய ஒரு குவிப்பையே காட்டுகிறது. அவை எதற்குப் பயன்பட்டன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஆனால் அதே சான் லோரென்சோவின் அப்சிடியனைப் பாருங்கள். பெருந்தலைகளைச் செய்தவர்களுடைய வீட்டுக் கத்தி, தொடக்கத்தில், ஒரு சிறு கல்லை அடித்து உடைத்துப் பெற்ற உருவமற்ற சில்லுதான். நேர்த்தியான அலகுகள் பிறகுதான் படிப்படியாகப் பெருகின. 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எல் சாயாலிலிருந்தும், மத்திய மெக்சிகோவின் மலைகளிலிருந்தும், ஒரே நேரத்தில் பல ஊற்றுகளிலிருந்து கல் வந்திருக்கிறது. ஓர் அரசனின் கிடங்கு வழியே எல்லாம் வந்திருந்தால் இத்தனை சிதறல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். பாறையை இழுத்துவரச் செய்த கை வேறு. சில்லைக் கைமாற்றிக் கொண்டுவந்த கைகள் வேறு.

இதற்கு எதிரான சான்றுகளும் உண்டு. ஹோண்டுராஸின் கோப்பானில் கல் கருவிகளை ஆராய்ந்த கசுவோ அவோயாமா, அருகிலிருந்த இக்ஸ்டெபேக்கே அப்சிடியனின் வரவை அங்குள்ள அரசு நிருவகித்தது என்று வாதிட்டார். ஊற்று பக்கத்தில் இருக்கும்போது அது நடக்கக்கூடியதே. டிக்காலில் உயர்குடிக் கல்லறைகளின் மேல் செர்ட், அப்சிடியன் கழிவுகளைப் பெரும் அளவில் கொட்டி மூடியிருக்கிறார்கள். பட்டறைக் கழிவைத் திரட்டி அங்கே கொண்டுசெல்லும் செல்வாக்கு அந்தக் குடும்பங்களுக்கு இருந்தது. கழிவு கிடந்த இடமெல்லாம் பட்டறை என்று முடிவு கட்டுபவர்களுக்கு டிக்கால் ஒரு கடிவாளம்.

ஜேட் என்னும் பச்சைக் கல்லில் அரண்மனையின் பிடி இன்னும் தெளிவு. மாயா உலகின் ஜேட் முழுவதும் குவாதமாலாவின் மொட்டாகுவா பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. எஃகுக் கத்தியால் கீற முடியாத அக்கல்லை நூலும் மணலும் நீரும் கொண்டு அறுத்தார்கள். மாயா நகரான கான்குவேனில் கிடைத்த சான்றுகளின்படி எளியோர் வீடுகளில் முதற்கட்ட அறுப்பும் துளையிடலும் நடந்தன. செதுக்கி மெருகேற்றும் கடைசி வேலை உயர்குடியினரிடம் இருந்தது. கி.பி. 810 அளவில் பகைவர் தாக்குதலில் எரிந்து, மக்கள் போட்டது போட்டபடி ஓடிய அகுவாட்டேக்காவில், எழுத்தர்களும் அரசவையினரும் வாழ்ந்த வீடுகளிலேயே செதுக்கு வேலைக்கான கருவிகள் இருந்தன. அரச குடும்பத்தாரைச் சார்ந்தவர்களே தம் கையால் கல் செதுக்கினார்கள் என்றால், அங்கே கைவினை என்பது கீழோர் தொழில் அல்ல. தெய்வத்தோடு உறவுள்ள அறிவு.

எளியோர் வீட்டை அப்படியே காண எல் சால்வடோரின் ஹோயா டே செரேனுக்குப் போக வேண்டும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஓர் எரிமலை வெடித்து அந்தச் சிற்றூரைச் சாம்பலில் புதைத்தது. 1976இல் புல்டோசர் ஒன்று தற்செயலாக அதை வெளிப்படுத்த, 1978 முதல் பேய்சன் ஷீட்ஸ் அகழ்ந்தார். அப்சிடியன் அலகுகளைக் கூரைப் புல்லுக்கிடையே செருகி வைத்திருந்தார்கள்; பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது என்பதற்காக இருக்கலாம் என்கிறார் ஷீட்ஸ். உழவர் வீடுகளில் பச்சைக் கல் கோடரியும் வண்ணம் தீட்டிய கலங்களும் இருந்தன. ஒவ்வொரு வீடும் ஏதோ ஒன்றைத் தன் தேவைக்கு மேல் செய்து, அதைக் கொடுத்து மற்றதைப் பெற்றது. ஒரு வீட்டில் அம்மிக் கல், இன்னொன்றில் ஓவியம் தீட்டிய சுரைக்குடுக்கை. எந்தச் சந்தைக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது என்பது ஷீட்ஸின் முடிவு, எனக்கும் அது பொருந்துவதாகவே தோன்றுகிறது. சந்தை என்ற சொல்லையே மாயா ஆய்வில் தயக்கத்தோடு பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. 2004இல் மாயா பேரூரான கலக்முல்லில் வெளிப்பட்ட சுவரோவியங்களில் சோளம், உப்பு, புகையிலை ஆகியவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள் பெயர்க்குறிப்போடு தீட்டப்பட்டிருந்ததைக் கண்ட பிறகு அந்தத் தயக்கம் பெரிதும் குறைந்தது.

9ஆம் நூற்றாண்டையொட்டித் தாழ்நிலத்து அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கொல்ஹாவும் தப்பவில்லை, 30 பேரின் தலைகளை வெட்டிப் புதைத்த ஒரு குழி அங்கே கிடைத்தது, ஊரும் சில காலம் வெறிச்சோடியது. மறுபடி அங்கே குடியேறியவர்கள் அதே கல்லைக் கொண்டு வேறு பாணியில் சிறு எறிமுனைகளைச் செய்தார்கள். அரண்மனைகளோடு அப்சிடியன் வரவும் நின்றிருக்க வேண்டும் என்று ராத்ஜேயின் விளக்கம் நம்மை எதிர்பார்க்க வைக்கும். ஆனால் பெலிஸின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைல்ட் கேன் தீவில் ஹெதர் மெக்கிலப் கண்டது நேர்மாறு: அரசர்கள் போன பிந்தைய நூற்றாண்டுகளில், பெரும்பாலும் இக்ஸ்டெபேக்கேயிலிருந்து கடல்வழிப் படகுகளில் வந்த அப்சிடியன், அத்தீவில் முன்னைவிட ஏராளமாகக் குவிந்திருந்தது.