பிரெக்சிட் பேரம்: லண்டன் கடையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

29 மார்ச் 2017
ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகும் கடிதத்தை எங்கள் தூதர் டிம் பாரோ இன்று பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத் தலைவர்கள் பேரவையின் தலைவர் டொனால்ட் டஸ்கிடம் கொடுத்துவிட்டார். ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவுப்படி வெளியேற இன்றிலிருந்து இரண்டு வருடம் கெடு. கெடுவை நீடிக்க மற்ற 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். கடிதத்தை எப்போது கொடுப்பது என்பது ஒன்றுதான் முழுக்க எங்கள் கையில் இருந்தது. என்ன வேண்டும் என்று அமைச்சர்களே ஒத்துப்போகுமுன் அதையும் விட்டுவிட்டார்கள். மனம் பதறுகிறது.

20 ஜூன் 2017
எதை முதலில் பேசுவது என்பதுதான் இந்தக் கோடையின் சண்டை என்றார் எங்கள் பிரெக்சிட் அமைச்சர் டேவிட் டேவிஸ். நேற்று முதல் நாளிலேயே, ஒன்றியத்தின் சார்பில் பேசும் பார்னியே கேட்ட வரிசைக்கு ஒத்துக்கொண்டாயிற்று: குடிமக்களின் உரிமை, விலகும்போது நாங்கள் கட்டவேண்டிய காசு, அயர்லாந்துக்கும் எங்களோடு இருக்கும் வடஅயர்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லை. இவற்றில் போதிய முன்னேற்றம் கண்டால்தான் வர்த்தகப் பேச்சு. காசு எங்களுடைய துருப்புச் சீட்டு. வர்த்தகத்தில் என்ன கிடைக்கும் என்று தெரியாமலே அதை இறக்கவேண்டி வந்துவிட்டது.

17 ஜூலை 2017
இன்றைய பேச்சுவார்த்தைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்னியே பக்கம் தடித்த கடதாசிக் கட்டுகள். டேவிஸ் பக்கம் கட்டு எதுவும் இல்லை. பைக்குள் இருந்திருக்கலாம், அது பெரிதல்ல. அவர்கள் தங்கள் நிலைப்பாட்டை எழுதி ஊரறிய வெளியிட்டுவிட்டார்கள். இனி 27 நாட்டில் ஒன்றைத் தனியே கூப்பிட்டுப் பிரிப்பது லேசில்லை.

16 ஜனவரி 2019
பிரதமர் தெரேசா மே பிரஸ்ஸல்ஸோடு பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் நேற்றிரவு நாடாளுமன்றத்தில் தோற்றது: எதிராக 432, ஆதரவாக 202.

'மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தமே இல்லாதது மேல்' என்று மே சொல்லிவந்ததை நினைத்துக்கொண்டேன். திருநெல்வேலிச் சந்தையில் விலை படியாவிட்டால் ஐயா வாழைக்குலையை வைத்துவிட்டு நடப்பார். நாலு எட்டு வைக்குமுன் வியாபாரி கூப்பிடுவார். பக்கத்தில் இன்னும் ஐந்து பேர் குலை அடுக்கியிருப்பது அவருக்குத் தெரியும். ஐரோப்பாவிலிருந்து லொறிகள் வந்திறங்கும் டோவர் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடை எது? ஒப்பந்தமில்லாமல் வெளியேற எங்களிடம் ஆயத்தம் இல்லை என்பது பிரஸ்ஸல்ஸுக்கும் தெரியும்.

விடியற்காலை தக்காளி இறக்க வந்த நெதர்லாந்து லொறிச் சாரதி, மார்ச் 29க்குப் பிறகு என்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

17 அக்டோபர் 2019
புது ஒப்பந்தம். போன வியாழன் புதுப் பிரதமர் ஜோன்சனும் அயர்லாந்துப் பிரதமர் வரட்கரும் சந்தித்தபோதே வாசல் திறந்துவிட்டது. சுங்கச் சோதனை அயர்லாந்துத் தீவின் நடுவில் இல்லை. பிரித்தானியாவிலிருந்து வடஅயர்லாந்துக்குப் போகும் பொருளுக்குத்தான். 2018 பெப்ரவரியில் பார்னியே வைத்த வரைவுக்கு இது கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. எந்தப் பிரித்தானியப் பிரதமரும் ஒத்துக்கொள்ள முடியாதது என்று மே அன்று மறுத்தார். நீடித்துவாங்கிய கெடு இந்த மாதம் 31ஆம் திகதி என்று தலைக்கு மேல் நிற்கும்போது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெல்ஃபாஸ்ட் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதம் ஒரு பெட்டி மிளகாய்த்தூள் அனுப்புகிறோம். அதற்கு இனிச் சுங்கப் பத்திரம் வேண்டுமா என்று பார்க்க, கடை பூட்டியபின் ஒப்பந்தத்தைத் திறந்துவைத்திருக்கிறேன்.